நீரிழிவுக்காரரின் சிவந்த கண்

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கோவில் முற்றத்துக்கு நான் வந்தபோது, ஒரு தாயார் தம் கணவரைக் கையிற் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து என் முன் நிறுத்தினார். “சுவாமி, இவரின்ரை கண்ணை ஒருக்காப் பாருங்கோ. இந்த வருசத்திலை இது நாலாந்தரம். தீர்த்தம் மந்திரிச்சுத் தெளிச்சு விடுங்கோ” என்றார்.

கணவருக்கு வயது 52. ஒன்பது வருடமாக நீரிழிவு. வலக்கண்ணின் வெள்ளை விழி செவ்வரத்தம் பூப்போற் சிவந்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் கவலை எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு போத்தலை எடுத்துக் காட்டினார். “வெறும் சூடு சுவாமி. இதிலை இரண்டு சொட்டு விட்டா நாளையிண்டைக்கு மாறிப்போம்.”

செபித்து ஆசீர்வதித்தேன். பின்னர் இரண்டு கேள்விகள் கேட்டேன். இந்த மருந்தை எழுதித் தந்தவர் யார்? எவருமில்லை. முதன்முறை மருந்துக்கடையிற் கேட்டு வாங்கியது. அதன் பின்னர் வெறும் போத்தலைக் காட்டிக் காட்டி வாங்கி வந்தது. கண்ணின் பின்புறத்தை வைத்தியர் கடைசியாகப் பார்த்தது எப்போது? இதற்கு அவர் சிரித்துவிட்டார். “கண்ணுக்குப் பின்னாலை என்ன சுவாமி இருக்கு?”

அந்தக் கேள்விக்கு முற்றத்தில் நின்றபடி பதில் சொல்ல இயலவில்லை. கண் வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை இவ்வாரம் இங்கே எழுதுகிறேன். நம் நாட்டில் வளர்ந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வு காட்டிற்று. ஆகவே இது ஒரு குடும்பத்தின் கதையன்று. நம் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இப்படிச் சில வீடுகள் இருக்கும்.

சிவப்பு எதைச் சொல்கிறது?

வெள்ளை விழியின்மேல் மெல்லிய தோலொன்று போர்த்தியிருக்கிறது. அதில் மயிரிழையிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தூசி, கிருமி, வறட்சி, காயம், கண்ணின் உள்ளே எழும் அழற்சி ஆகிய எதனாலும் அக்குழாய்கள் விரியும்; இரத்தம் நிறையும்; கண் சிவக்கும். ஆகவே சிவப்பு என்பது ஒரு வியாதியின் பெயரன்று. கதவில் யாரோ தட்டும் சத்தம். நாம் ‘சூடு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதற்குள் வெவ்வேறான பல வியாதிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றுட் சில தாமாகவே மாறிவிடும். சில ஒரு கிழமைக்குள் கண்ணைக் கெடுத்துவிடும்.

நீரிழிவுக்காரருக்கு இது ஏன் அடிக்கடி வருகிறது? இரத்தத்திற் சீனி மிகும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. கிருமிகள் எளிதில் இடம் பிடிக்கின்றன. கண்ணீர் குறைகிறது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றுண்டு. அதை நம்மவர்கள் அறிந்திருப்பது அரிது. நீரிழிவுக்காரரின் காலில் முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது என்பதை எல்லாரும் அறிவோம். அதே உணர்ச்சிக் குறைவு கண்ணுக்கும் வரும். கருவிழியின் முன்னால் கண்ணாடி போலிருக்கும் தோல் உடலிலேயே மிகக் கூர்மையான உணர்ச்சியுள்ள இடங்களில் ஒன்று. பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்களிடம் அந்த உணர்ச்சி மழுங்கிப்போகும். மற்றவரைத் துடிக்க வைக்கும் கீறல் இவருக்குச் சிறு உறுத்தலாக மட்டுமே தோன்றும். ஆதலால் “நோ இல்லைத்தானே” என்பது நீரிழிவுக்காரர் வாயில் ஆறுதல் தரும் சொல்லல்ல.

அடிக்கடி வரும் சிவப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது இமையின் ஓரம். காலையில் இமை ஒட்டியிருக்கும்; இமைமயிரின் அடியிற் பொடுகு போன்ற செதில் காணப்படும்; கண் எரியும். சிலருக்கு இமையிற் கட்டி மாறி மாறி வரும். கண்கட்டி திரும்பத் திரும்ப வருபவரிடம் வைத்தியர் “சீனி பார்த்தீர்களா?” என்று கேட்பதன் காரணம் இதுவே. இமை ஓர அழற்சிக்குப் பெரிய மருந்து தேவைப்படுவதில்லை. சுத்தமான துணியை இளஞ்சூடான நீரிற் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதற் பத்து நிமிடம் வைத்து, பின்னர் இமையோரத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும். காலையும் மாலையும் இதைப் பல வாரம் செய்ய வேண்டும். நம்மவர்கள் மூன்று நாள் செய்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். சூட்டை உங்கள் கையின் பின்புறத்தில் தொட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், வீட்டில் வேறொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவினால் உணர்ச்சி குறைந்த கை சூட்டைச் சரியாக அறியாது.

அடுத்தது வறட்சி. கண்ணில் மணல் கிடப்பது போல் அரிக்கும், பின்னேரத்திற் கூடும், மோட்டார் சைக்கிள் ஓட்டத்திலும், மின்விசிறிக் காற்றிலும், குசினிப் புகையிலும் கண் சிவக்கும். மடுத் திருவிழாவுக்குப் போய்த் தூசியிலும் மெழுகுதிரிப் புகையிலும் இரண்டு நாள் நின்றவர்கள் கண் சிவந்து திரும்புவதை ஆண்டுதோறும் காண்கிறோம். கடற்றொழில் செய்வோருக்கும் தோட்டக்காரருக்கும் வெயிலாலும் காற்றாலும் மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதுண்டு. அதுவும் இடைக்கிடை சிவக்கும். தொற்றும் கண்நோயோ வேறு வகை. பீளை தள்ளும், ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும், ஒருவரிலிருந்து வீட்டார் எல்லாருக்கும் பரவும். அந்நாட்களில் துவாயும் தலையணை உறையும் வேறாக இருக்கட்டும். கையை அடிக்கடி சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். முலைப்பால் விடுவதும், பூச்சாறு பிழிவதும் வேண்டாம். நம் பேத்திமாரின் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவற்றோடு கிருமியும் கண்ணுக்குட் போகும்.

சிலருக்கு ஒருநாட் காலையில் வெள்ளை விழியின் ஒரு பக்கம் இரத்தம் கொட்டியது போற் கடுஞ்சிவப்பாயிருக்கும். நோவில்லை, பார்வை மங்கவில்லை. பார்ப்போர் பதறுவர். இருமியதாலோ, பாரம் தூக்கியதாலோ ஒரு சிறு குழாய் வெடித்திருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மாறிவிடும். ஆனால் இது மறுபடி மறுபடி வந்தால் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இருதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவராயின் வைத்தியரிடம் அதையும் சொல்ல வேண்டும். தாமாகவே குளிசையை நிறுத்துதல் ஆகாது.

இனி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சிவப்பு. கண் நோவுகிறது, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுகிறது, பார்வை மங்குகிறது, விளக்கைச் சுற்றி வானவில் போல் வட்டம் தெரிகிறது, சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையமாக நிற்கிறது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றியிருக்கிறது, தலையிடியும் சத்தியும் சேர்ந்து வருகின்றன. இவற்றுள் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உள்ளழற்சி, கருவிழிப் புண், கண்ணுள் அழுத்தம் திடீரென ஏறுதல் ஆகியவை இவ்வாறு வெளிப்படும். நெற்கதிர், பனையோலை, மரக்கொப்பு கண்ணிற் பட்டபின் சிவந்தாலும் அப்படியே.

சட்டைப் பையிலிருந்த போத்தல்

அந்த மனிதரின் போத்தலுக்கு வருகிறேன். “விட்டால் மாறிவிடுகிறது” என்று அவர் சொன்னது பொய்யன்று. அதுதான் ஆபத்து.

கடைகளில் எளிதாகக் கைக்கு வரும் கண் மருந்துகளில் இரு வகையைக் குறித்துச் சொல்ல வேண்டும். ஒன்று, விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெளுக்கச் செய்வது. சில மணி நேரத்தில் மருந்தின் வலு குறையும். குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரியும். மீண்டும் மருந்து வேண்டும். மாதக்கணக்கிற் பழகியவருக்கு மருந்தே சிவப்பின் காரணமாகிவிடும்.

மற்றது ஸ்டீரொயிட் மருந்து. போத்தலில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன், பீற்றாமெதசோன் என்ற பெயர்களுள் ஏதேனும் இருந்தால் அது இவ்வகை. கண் வைத்தியர் கையில் இது அருமருந்து. உள்ளழற்சியால் அழியவிருந்த கண்களை இது காப்பாற்றுகிறது. ஆனால் வைத்தியர் இதைக் கொடுக்குமுன் கருவியால் கண்ணைப் பார்க்கிறார். கொடுத்தபின் கண்ணழுத்தத்தை அளக்கிறார். நாள் குறித்து நிறுத்துகிறார். கடையில் வாங்குபவருக்கு இவை ஒன்றும் இல்லை. இம்மருந்து அழற்சியை அமுக்குவதால் எந்தக் காரணத்தால் வந்த சிவப்பும் இரண்டு நாளில் வெளுக்கும். காரணமோ உள்ளேயே இருக்கும். பனையோலை கீறிய புண்ணில் பூஞ்சணம் பற்றியிருந்தால், இம்மருந்து அதற்கு எருவிட்டது போலாகும். வாரக்கணக்கில் விட்டவர் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறி, நோவு எதுவுமின்றிப் பார்வை நரம்பு தேயும். நீரிழிவுக்காரரிடம் இப்படி அழுத்தம் ஏறுவது மற்றவரிலும் அதிகம். கண்புரையும் முந்தி வரும்.

திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதும், ஒரே போத்தலை வீட்டார் அனைவரும் பாவிப்பதும் வேறு தீமைகள். இவற்றை நீட்டி எழுதத் தேவையில்லை.

தோபித்து ஆகமத்தை வாசித்தவர்கள் இவ்விடத்தில் ஒன்றை நினைவு கூரலாம். தோபித்து ஒரு நீதிமான். இறந்தவனை அடக்கம் செய்துவிட்டு முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்தபோது குருவிகளின் எச்சம் விழுந்து அவர் கண்ணில் வெண்படலம் படர்ந்தது. மருத்துவர்களிடம் போனார். அவர்கள் மருந்து தடவத் தடவப் பார்வை குறைந்து, இறுதியில் முற்றாகவே போயிற்று. நாலு வருடம் அவர் குருடராயிருந்தார். இதை நாம் விரைந்து வாசித்துவிட்டு இரபேல் சம்மனசின் பயணத்துக்குப் போய்விடுகிறோம். இடையில் நிற்கும் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. கணவர் பார்வை இழந்தபின் அன்னா கூலிக்கு நெசவு வேலை செய்து குடும்பத்தை நடத்தினாள். கூலியோடு ஒரு ஆட்டுக்குட்டியும் கிடைத்தபோது, அது திருடியதாயிருக்குமோ என்று கணவர் ஐயுற்றார். இருவருக்குமிடையே கடும் சொற்கள் எழுந்தன. பரிசுத்தமான ஒரு வீட்டில், கண் போனதனால் சம்பாத்தியம் போயிற்று, நம்பிக்கையும் தளர்ந்தது. குடும்பத் தலைவரின் கண் அவருடையது மட்டுமல்ல என்பதை வேதாகமம் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது!

பின்னர் இறைவன் அவரைக் குணமாக்கியதும் ஒரு மருந்தின் மூலமாகவே. மகன் தோபியாசின் கையாலேயே. (மீன் பித்தத்தைக் கண்ணில் விடலாம் என்று இதைக் கொண்டு எவரும் முடிவு செய்துவிட வேண்டாம்.) வைத்தியரை மதிக்கும்படியும், மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும் சீராக் ஆகமம் 38 ஆம் அதிகாரம் போதிக்கிறது. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. “இது எனக்கு ஆண்டவர் தந்த சிலுவை, பொறுத்துக்கொள்கிறேன்” என்று கண் நோவைத் தாங்கிக்கொள்ளும் பக்தியுள்ளவர்களை நான் அறிவேன். மாற்றக்கூடிய வியாதியைக் கவனியாமல் விடுவதற்குச் சிலுவை என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கண்ணுக்குப் பின்னால்

இப்போது அந்த மனிதரின் கேள்வி. கண்ணின் உட்புறச் சுவரில், கமராவின் பிலிம் போல, விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. நாம் காண்பதெல்லாம் அதில் விழுந்தே மூளைக்குச் செல்கிறது. அதற்கு உணவூட்டும் நுண்ணிய குழாய்களை மிகுந்த சீனி வருடக்கணக்கில் அரிக்கிறது. குழாய்கள் வீங்கிக் கசிகின்றன; சில அடைபடுகின்றன. அடைபட்ட இடத்துக்கு இரத்தம் வேண்டி, புதிய, வலுவற்ற குழாய்கள் முளைக்கின்றன. ஒருநாள் அவை வெடித்துக் கண்ணினுள் இரத்தம் பெருகும். அல்லது தழும்பாகி விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும்.

இத்தனையும் நடக்கும்போது கண் சிவப்பதில்லை. நோவதுமில்லை. பத்திரிகை வாசிக்கலாம், சைக்கிள் ஓடலாம். வெளியே சிவந்து எரியும் இமையோர அழற்சி பார்வையைப் பறிப்பது மிக அரிது. பார்வையைப் பறிக்கும் வியாதி வெண்மையான அழகிய கண்ணுக்குள் இருந்து வேலை செய்கிறது. நடுவயதில் வரும் நீரிழிவில் 20 ஆண்டு கடந்தோருள் பாதிக்கு மேற்பட்டவர்களின் விழித்திரையில் ஏதோ ஓரளவு கெடுதி காணப்படும். முற்றிய நிலையில், புதிய குழாய்கள் கண்மணியைச் சுற்றியும் படர்ந்து, நீர் வடியும் வழியை அடைத்து, கண்ணழுத்தத்தை ஏற்றும். அப்போதுதான் கண் சிவந்து தாங்கமுடியாத நோவு தரும். அந்தச் சிவப்பு வரும்வரை காத்திருந்தவருக்கு வைத்தியர் செய்யக்கூடியது கொஞ்சமே.

ஆகவேதான் சிவந்த கண்ணோடு கிளினிக்குப் போகும் நீரிழிவுக்காரர், சிவப்புக்கு மருந்து பெற்றதும் எழுந்து வந்துவிடக் கூடாது. “கண்மணியை விரித்துப் பின்புறத்தையும் பாருங்கள்” என்று கேட்க வேண்டும். நடுவயதில் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டால் அந்த வருடமே ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை, கெடுதி காணப்பட்டால் வைத்தியர் சொல்லும் தவணைப்படி. அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் இதற்குப் பணமில்லை. பொழுது போகும், ஒருநாட் கூலி போகும் என்பது உண்மைதான். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது சிறிய காரியமுமல்ல.

காலத்தோடு கண்டுபிடித்தால் வழியுண்டு. லேசர்க் கதிரால் விழித்திரைக்குச் செய்யும் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதை அமெரிக்காவில் 1976 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று. இன்று கண்ணுக்குள் ஏற்றும் ஊசி மருந்துகளும் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் இருப்பதைக் காப்பவை. போனதை முழுதாகத் திருப்பித் தருபவையல்ல. 1960களிலிருந்து இலங்கையர் தானம் செய்த கண்கள் உலகின் பல நாட்டவருக்கு ஒளி கொடுத்திருக்கின்றன. அது நமக்குப் பெருமை. ஆயினும் அவ்வாறு மாற்றிப் பொருத்தப்படுவது முன்புறக் கண்ணாடித் தோல் மட்டுமே. நீரிழிவு கெடுத்த விழித்திரையை எவருடைய தானத்தாலும் மாற்ற முடியாது.

சீனிக் கட்டுப்பாடு பயன் தருமா என்று கேட்போருண்டு. பிரித்தானியாவில் 20 ஆண்டுகளாக நடந்து 1998 இல் முடிவு வெளியான ஆய்வில், சீனியை நன்கு கட்டுப்படுத்தியோரிடம் கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்க் கெடுதிகள் காற்பங்கு குறைந்திருந்தன. இரத்த அழுத்தத்தைக் குறைத்ததும் தனியே பயன் தந்தது. கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, சீனி போடாத தேத்தண்ணி குடித்து வைத்தியரை ஏமாற்றுவோர் நம்மிற் பலர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இந்த ஏமாற்றுக்கு இடங்கொடாது. பல வருடம் கவனியாது விட்டவர், புதிதாக ஊசி தொடங்கிச் சீனியை வேகமாகக் குறைக்கும்போது விழித்திரை சிறிது காலம் மோசமாவதுண்டு. அதற்காக ஊசியை மறுக்க வேண்டாம், கண்ணையும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். சீனி ஏறி இறங்கும் நாட்களிற் பார்வையும் மாறும். அப்போது புதுக் கண்ணாடி செய்விப்பது வீண் செலவு.

தவணையை மறந்துபோகிறோம் என்பவர்களுக்கு ஒரு யோசனை. கண் வருத்தக்காரர் மன்றாடும் அர்ச். லூசியாவின் திருநாள் மார்கழி 13. கொட்டாஞ்சேனைப் பேராலயம் அவள் பெயரால் விளங்குகிறது. நேர்த்தி வைப்பவர்கள் அந்த மாதத்தையே தங்கள் கண் பரிசோதனை மாதமாக வைத்துக்கொள்ளலாம். போகும்போது வீட்டிலுள்ள கண் மருந்துப் போத்தல்கள் அனைத்தையும், வெறும் போத்தலையும் சேர்த்து, கிளினிக் கொப்பியோடு கொண்டு போங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டபின் சில மணி நேரம் எழுத்துத் தெரியாது, வெயில் கூசும். ஆதலால் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ தனியே போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொப்பியோ குடையோ இருக்கட்டும்.

முற்றத்தில் நின்ற அந்த மனிதர் அடுத்த கிழமையே மனைவியோடு போனார். சிவப்புக்குக் காரணம் இமையோர அழற்சியும் வறட்சியும். போத்தலில் இருந்தது ஸ்டீரொயிட்; வலக்கண்ணின் அழுத்தம் ஏறியிருந்தது; மருந்தை வைத்தியர் நிறுத்திவிட்டார். விழித்திரை இரண்டிலும் சிறு இரத்தப் புள்ளிகள் தென்பட்டன. லேசர் இப்போதைக்குத் தேவையில்லை, ஆறு மாதத்தில் மறுபடி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சுடுநீர்த் துணி வைக்கும் வேலையை மூத்த மகள் ஏற்றிருக்கிறாள். மறுபடி என்னைக் கண்டபோது சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். போத்தல் இருந்த இடத்தில் கிளினிக் துண்டு இருந்தது.